டிக்சன் பெனால்டி கேட்டுக் கிடந்த நாற்பத்தொரு நாள்

சேந்தன்துறை டிக்சன் பெனால்டி ஏரியாவுக்குள் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, எழும்பியது அதற்கு நாற்பத்தொரு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியத்துக்குமேல், இடைப்பட்ட நாட்களில் அவன் கிடந்தான், அவ்வளவுதான் கதை, ஆனால் இதையே எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள் என்பதாலும், அத்தனை பேருடைய குரலும் எனக்கு வரும் என்பதாலும், நான் சொல்வதை எல்லாரும் சேர்ந்து சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம், பின்னால் யாராவது வந்து நான் அப்படிப் பேசவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், அப்படித்தான் பேசினார்கள்.

டிக்சனுக்கு வயது இருபத்தாறு, வாரத்தில் ஆறு நாள் கடல், ஏழாம் நாள் புனித எரோணிமுஸ் கால்பந்துக் கழகத்தின் சென்டர் ஃபார்வேர்டு. காற்றடித்தாலும் விழுவான், அடிக்காவிட்டாலும் விழுவான், விழும்போது அடிவயிற்றிலிருந்து ‘எக்க அம்மோ’ என்று ஒரு சத்தம் எடுப்பான் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே வெளியூர் ஆட்டங்களில் மூன்று வருஷத்தில் பதினேழு பெனால்டி வாங்கியிருக்கிறான், மீன் ஏலம் விடுகிற இடத்தில் பெண்டுகள் ‘மக்கா டிக்சா, ஒருக்கா விழுந்து காட்டு’ என்று கேட்டால் ஈர மணலென்றும் பார்க்காமல் விழுந்து காட்டுவான்.

ரெஃபரி தாணுலிங்கம் டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸின் கண்டக்டர். கரையோரத்து ஊர்க்காரன் எவன் விசில் ஊதினாலும் அவன் ஏதாவது ஒரு ஊர்க்காரனாக இருந்துவிடுகிறான் என்பதால் எங்கள் டோர்னமென்டுக்குக் கரையை விட்டுத் தள்ளியிருக்கிற உள்நாட்டு ஆள்தான் ரெஃபரி, அதிலும் தாணுதான் ரெஃபரி, ஏனென்றால் வேறு யாரும் வர மாட்டார்கள். வாரம் முழுக்க விசில் ஊதி பஸ்ஸை நிறுத்துவார், ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதி எங்களை நிறுத்துவார், இரண்டிலும் அவர் நினைத்த இடத்தில் எதுவும் நின்றது கிடையாது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போது ரெஃபரியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் கண்ணைச் சொல்லலாம், கண்ணாடியைச் சொல்லலாம், அவரைப் பெற்றவளைச் சொல்லலாம், பெற்றவளைப் பெற்றவளையும் சொல்லலாம், கடைசி விசில் ஊதியதும் சொன்னதெல்லாம் அலையோடு போய்விடும், அதற்குப் பிறகு ஒரு சொல் சொன்னால் சொன்னவனுக்குத்தான் மானக்கேடு, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் ஏறி ‘சார் ரெண்டு டவுன்’ என்று மரியாதையாகத்தான் கேட்க வேண்டும். இந்த வழக்கத்தை வைத்துத்தான் தாணு பத்து வருஷம் பிழைத்தார். இதே வழக்கம்தான் அவரைக் கெடுத்தது.

அன்றைக்கு இறுதி ஆட்டம், எதிரணி கல்லுமுக்கு, கோல் எதுவும் இல்லை, எண்பத்தொன்பதாவது நிமிஷம். டிக்சன் பந்தோடு பெனால்டி ஏரியாவுக்குள் போகிறான், கல்லுமுக்கு டிஃபெண்டர் ரெஜிஸ் அவனுக்கு நாலடி தள்ளி நிற்கிறான், நாலடி என்பதை நான் குறைத்துச் சொல்கிறேன், டிக்சனுடைய கால் டிக்சனுடைய இன்னொரு காலில் பட்டது, ‘எக்க அம்மோ’, குப்புற விழுந்தான், விழுந்த வாக்கிலேயே வலது கையை ரெஃபரி பக்கம் தூக்கி உள்ளங்கையை விரித்தான். உருண்டு போன பந்தை கல்லுமுக்கு கோல்கீப்பர் அஜின் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

தாணு ஓடி வந்தார். “எழும்பு.”

“பெனால்டி சார்.”

“எழும்பு லே. யாரும் தொடல.”

“பெனால்டி தராம எழும்ப மாட்டேன்.”

அதற்குள் மைக்கில் கமிட்டித் தலைவர் பெலிக்ஸ் அண்ணன், விசைப்படகு ரெண்டு வைத்திருப்பவர், குரல் மூன்று படகுக்குக் காணும், “அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, அமைதி காக்கவும், நம்முடைய பையனை வெட்டிச் சாய்த்த காட்சியை நாம் அனைவரும் கண்டோம், இருந்தாலும் அமைதி காக்கவும், யாரும் கயிற்றைத் தாண்டி உள்ளே போக வேண்டாம், இந்த அநியாயத்தைக் கண்டும் ரத்தம் கொதிக்காதவன் சேந்தன்துறையான் இல்லை, இருந்தாலும் அமைதி” என்றார், ஊர் அமைதியாகக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனது. தாணுவின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடித்தது யாரென்று இதுவரைக்கும் முடிவாகவில்லை, அடித்த கை தன்னுடையதுதான் என்று பதினாலு பேர் சொல்கிறார்கள். தாணு கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்புறமாக ஓடி, தென்னந்தோப்பைத் தாண்டி, மெயின் ரோட்டில் மீன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஓடுகிற அவசரத்தில் இரண்டு காரியம் செய்தார். வாட்ச்சை நிறுத்தினார், அது பழக்கம். கடைசி விசில் ஊதவில்லை, அது மறதி.

கூட்டம் கலைந்ததும் டிக்சனை எழுப்பப் போனார்கள், வரவில்லை. முதலில் ரெண்டு பேர் தூக்கினார்கள், பிறகு நாலு பேர், பிறகு நம்ம அணியும் கல்லுமுக்கு அணியும் சேர்ந்து வலை இழுக்கிற ஏலேலோ போட்டுத் தூக்கினார்கள், வலை கரைக்கு வந்திருக்கும், டிக்சன் வரவில்லை. “லே, விளையாடாத” என்றான் கேப்டன். “நான் எங்க விளையாடுகேன், நானும் கூடச் சேந்துதான் எழும்பப் பாக்கேன்” என்றான் டிக்சன். மறுநாள் ஜேசிபி வந்தது. ஓட்டுகிறவர் இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்து, “ஆளு எத்தன கிலோ வரும்?” என்று கேட்டு, “அறுபத்தெட்டு” என்று சொன்னதும் சிரித்துக்கொண்டு ஏறினார், அரை மணி நேரம் கழித்து இறங்கி ஜேசிபியின் வளைந்த பல்லைத் தடவிப் பார்த்து, “கிலோ சொல்லும்போது உள்ளதச் சொல்லணும்” என்று வருத்தப்பட்டுப் போனார்.

அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எங்கள் ஊரில் ஒன்று நடந்துவிட்டால் அதற்கு நிழல் போடுவதுதான் முதல் வேலை. செவ்வாய்க்கிழமை நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். டிக்சனுடைய அம்மா ஞானப்பூ மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து ஊட்டினாள், ஊட்டிவிட்டுத் துண்டை அவன் தூக்கிய கையிலேயே காயப்போட்டாள், ஏனென்றால் அந்தக் கை மட்டும் இறங்கவே இல்லை. அந்தக் கையில் செல்ஃபோனை வைத்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று புதன்கிழமை யாரோ கண்டுபிடித்தார்கள், வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளைமாரோடு பேச வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமையிலிருந்து வரிசையில் நின்றார்கள். சின்னப் பயல்கள் ஆட்டத்தை நிறுத்த முடியாது அல்லவா, அதனால் கமிட்டி கூடி கரும்பலகையில் எழுதிப்போட்டது: பந்து டிக்சன் மேல் பட்டால் ஆட்டம் தொடரும், டிக்சன் வேண்டுமென்றே பந்தைத் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், டிக்சனுக்குச் சாப்பாடு ஊட்டும்போது கார்னர் எடுக்கக் கூடாது.

பஸ் தினமும் ஆறு தடவை மைதானத்தைத் தாண்டிப் போகும். படிக்கட்டில் தாணு நிற்பார், வேறு ரூட் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பியதும் கீழே கிடந்தபடி டிக்சன், “ரெஃபரி சார், பெனால்டி” என்பான். தாணு படியில் தொங்கிக்கொண்டு, “எழும்பு” என்பார். பஸ் போய்விடும். போகப்போக ஊரில் இதை வைத்து உலை வைத்தார்கள், மாத்திரை விழுங்கினார்கள், காலை ஏழு பத்து எழும்பு, ஒன்பதரை எழும்பு, பன்னிரண்டேகால் எழும்பு.

ஆனால் பஸ்ஸுக்குள்தான் விஷயம். கடைசி விசில் ஊதவில்லை என்பதைக் கண்டுபிடித்தது பெலிக்ஸ் அண்ணன். ஊதவில்லை என்றால் ஆட்டம் முடியவில்லை, ஆட்டம் முடியவில்லை என்றால் ரெஃபரியைச் சொல்லலாம், வழக்கம் அனுமதிக்கிறது. எனவே திங்கட்கிழமை காலையிலிருந்து சேந்தன்துறைக்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொன்னார்கள். மீன் கூடைக்காரி சொன்னாள், “ரெண்டு டவுன், ஒரு லக்கேஜ், கண்ணு அவிஞ்ச பயலே.” கான்வென்ட் சிஸ்டர் மட்டும் நல்ல வார்த்தையாகச் சொன்னார், “ஒரு டவுன். கடவுள் உமக்குப் பார்வையைக் கொடுக்கட்டும்.” பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாஸைக் காட்டிவிட்டு இலவசமாகச் சொன்னார்கள், அதில் நான் சொன்னது மற்றவர்கள் சொன்னதைவிட நீளம், இப்போது அதை எழுதினால் அச்சில் வராது. தாணு எல்லாருக்கும் டிக்கெட் கிழித்தார். பதில் சொல்லவில்லை. ரெஃபரி எந்த ஆட்டத்தில் பதில் சொல்லியிருக்கிறார்.

ரெண்டாவது வாரம் கமிட்டி டவுனிலிருந்து இன்னொரு ரெஃபரியை வரவழைத்தது. அவருக்கு மாலை போட்டு, நெய்மீன் பொரித்துப் போட்டு, விசிலையும் கையில் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டார், ஊதினார், பெனால்டி புள்ளியைக் காட்டினார், டிக்சன் அசையவில்லை. இன்னொரு தடவை ஊதினார், சத்தமாக ஊதினார், கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். “இது எனக்க ஆட்டம் இல்ல பாத்துக்கிடுங்க, ஊதினவருதான் ஊதணும்” என்று சொல்லிவிட்டு மிச்ச மீனை இலையில் பொதிந்து வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் டிக்சன் பெயர் வெளியூருக்குப் போய்விட்டது. வேன் பிடித்து வந்தார்கள், எல்லாரும் வழக்கு நடக்கிறவர்கள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினைத் தகராறு, பென்ஷன் வராதவர், தானே எழுதிய உயிலைத் தன் அப்பா எழுதியதாகச் சொல்லிக் கோர்ட்டில் நிற்பவர், வந்து டிக்சனுடைய கணுக்காலில் நூல் கட்டி, குனிந்து காதருகே பயபக்தியோடு கேட்பார்கள், “தொட்டானா?” டிக்சன் சொல்வான், “தொட்டான்.” கேட்டவர் கண்ணீர் மல்கப் போவார். பங்குத்தந்தை ஞாயிறு பிரசங்கத்தில் கண்டித்தார், “பிரியமானவர்களே, டிக்சன் ஒரு புனிதர் அல்ல, திருச்சபை அவரை ஏற்கவில்லை, நூல் கட்டுவது மூடநம்பிக்கை, கட்டியே தீர வேண்டும் என்பவர்கள் பூசை முடிந்த பிறகு வரிசையாகக் கட்டவும்.”

கல்லுமுக்கில் ரெஜிஸ் கதை வேறு மாதிரி போனது. முதல் வாரம் அவன் கண்டவர்களிடமெல்லாம், “சத்தியமா நான் தொடல, எனக்கும் அவனுக்கும் நாலடி” என்று சொல்லி அழுதான். ரெண்டாவது வாரம் அவன் காலைப் பார்க்க ஆள் வந்தார்கள். மூன்றாவது வாரம் படம் எடுத்தார்கள். நான்காவது வாரம் அவன் கைலியை முட்டுக்கு மேலே தூக்கி, “இந்தக் காலுதான். லேசாத்தான் வச்சேன். ஆளு போயிட்டான்” என்று சொல்ல ஆரம்பித்தான், ஐந்தாவது வாரம் ‘லேசா’வை எடுத்துவிட்டான்.

இத்தனையிலும் சந்தோஷமில்லாத ஆள் ஒருத்திதான், விஜிலா. டிக்சனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் ஃபாதர் கேட்டபோது மாப்பிள்ளை வெளியே பெனால்டி ஏரியாவில் குப்புறக் கிடந்தான். படுத்தபடி சம்மதம் சொன்னால் செல்லுமா என்று ஃபாதர் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார், சம்மதம் செல்லும் ஆனால் பீடத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும், பீடத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வரக் கூடாது என்று பதில் வந்தது. குறித்த நாள் நாற்பத்தோராம் நாள், சனிக்கிழமை, நாலு மணிப் பூசை. அன்றைக்கு நடக்காவிட்டால் நடக்காது, விஜிலாவின் அப்பா சொல்லிவிட்டார், “தள்ளி வச்சா மூணு மாசத்துல அவன் ஒரு முழம் கீழ இருப்பான், நான் எனக்க மவளக் குழிக்குள்ளயா இறக்க?”

ஏனென்றால் டிக்சன் தாழ்ந்துகொண்டிருந்தான். விஜிலாதான் முதலில் கவனித்தாள், ஒவ்வொரு தடவை தொட்டான் என்று அவன் சொல்லும்போதும் மண் ஒரு நூல் அளவுக்கு அவனை உள்ளே வாங்கியது. வேனில் வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை கேட்டுக் கேட்டு முப்பத்தாறாம் நாளில் நெஞ்சு முழுக்க உள்ளே போய்விட்டது, முதுகில் புல் முளைத்திருந்தது, ஒரு ஆடு வந்து மேய்ந்தது.

விஜிலா ஆட்டை விரட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு எத்தன பேரு கேட்டாவ?”

“முப்பத்தஞ்சு.”

“எல்லாருக்கும் சொன்னியா?”

“கேட்டா சொல்லாண்டாமா.”

“நான் அன்னைக்குக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலதான் நின்னேன். நான் கண்டதச் சொல்லட்டா?”

“சொல்லாத.”

“பின்ன நீயே சொல்லு. ஒரே ஒரு சொல்லு, எழும்பிருவ.”

டிக்சன் கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தான், அவன் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. “நீ கண்டது உண்டும், நான் கண்டது உண்டும், விஜி. ஊரு கண்டதுன்னு ஒண்ணு இருக்குல்லா. பதினாலு பேரு அறஞ்சிருக்கான். அவன் தொடலன்னு நான் சொன்னா அந்தப் பதினாலு பேரும் கண்டக்டருக்க கால்ல விழணும். விழுவானுவளா? எனக்க காலத்தான் ஒடிப்பானுவ.”

“அதுக்கு நீ மண்ணுக்குள்ள போவியா?”

“கொஞ்சம் கொஞ்சமாத்தான போறேன்” என்றான் டிக்சன்.

விஜிலா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, ஒன்பதரை பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, வழக்கமான ஏச்சு எதுவும் ஏசாமல், அதற்கே தாணு நிமிர்ந்து பார்த்தார், டவுன் வரைக்கும் போய், எல்லாரும் இறங்கிய பிறகு பேசினாள்.

“சார், நீங்க பெனால்டி தர வேண்டாம்.”

“தரவும் மாட்டேன் பிள்ளே. நான் காணாதத ஊத மாட்டேன். பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் பாக்கியில்லாம ஏசியாச்சு, எனக்க பெண்டாட்டியும் வீட்ல ஏசுகா, ஒரு பெனால்டிதானே குடுத்துத் தொலையும்னு. பத்து வருஷம் ஊதியிருக்கேன், ஒரு பிளேயராவது, ஒரே ஒரு நாளாவது, சார் நீரு சொன்னதுதான் செரின்னு சொன்னது கிடையாது. வேண்டாம். ஆனா பொய்யா ஊதினா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு, இந்தத் தோல்பையத் தவிர.”

“பெனால்டி தர வேண்டாம். ஆட்டத்த முடியும்.”

தாணு தோல்பையைத் திறந்து வாட்ச்சை எடுத்தார். நிறுத்தியது நிறுத்தியபடி இருந்தது. “ஒரு நிமிஷம் இருவது செகண்டு கிடக்கு” என்றார். “இருவத்திரெண்டு பேரும் நிக்கணும். பந்து அன்னைக்குக் கல்லுமுக்கு கோலி கையில கிடந்தது, அங்கேந்து துவங்கணும். சட்டம் அது.”

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டத்தின் மிச்சம் நடக்கும் என்று பெலிக்ஸ் அண்ணன் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார், “நீதி கேட்டுக் கிடக்கும் நம் மண்ணின் மைந்தனுக்கு நீதி வழங்க ரெஃபரி அவர்கள் மனம் திருந்தி வருகிறார்கள்.” ரெஃபரி அப்படிச் சொல்லவில்லையே என்று விஜிலா கேட்டதற்கு, “மைக்குல அதெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாதும்மா” என்றார். துபாய்க்குப் போய்விட்ட எங்கள் லெஃப்ட் விங்கர் லீவு போட்டு வந்தான். கல்லுமுக்கிலிருந்து ரெஜிஸ் கால் ரெண்டையும் எண்ணெய் போட்டு மினுக்கிக்கொண்டு வந்தான், அவன் காலோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத் தனிக்கூட்டம் வந்தது. கல்யாண வீட்டார் பட்டுடுத்தி நேராகக் கயிற்றோரம் நின்றார்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் ஒருவேளை எழும்பினால் அடிக்கவும் எழும்பாவிட்டால் சோகமாக அடிக்கவும் ரெண்டு பாட்டுத் தயார்செய்து நின்றார்கள், ஃபாதர் திருவுடையோடு கோயில் வாசலில் நின்று நேரம் பார்த்தார்.

தாணு கறுப்பு உடையில் வந்தார். ஏச்சு தொடங்கியது, வழக்கம், ஆட்டம் இன்னும் நடக்கிறது அல்லவா. ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். டிக்சன் மண்ணோடு மண்ணாக, கை மட்டும் மேலே நட்டுவைத்த மாதிரி, கிடந்தான். தாணு அவனைக் கடந்து போகும்போது நின்றார்.

“எழும்பு” என்றார், பழக்கத்தில்.

“பெனால்டி சார்” என்றான், பழக்கத்தில்.

தாணு அஜினுக்கு முன்னால் பந்தைப் போட்டு விசில் ஊதி, வாட்ச்சை ஓடவிட்டார். அஜின் பதட்டத்தில் ஓங்கி உதைத்தான், பந்து எங்கள் கேப்டனுடைய முதுகில் பட்டுத் தெறித்து, ஒருமுறை குதித்து, ரெண்டு முறை குதித்து, டிக்சனுடைய மூக்குக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. ரெஜிஸ் கோல் கோட்டருகே நின்றதால் ஆஃப்சைடும் இல்லை. கோல் திறந்து கிடந்தது. நாற்பத்தொரு நாளாக நீதியையே பார்த்துக்கொண்டிருந்த டிக்சன் பந்தைப் பார்த்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, தூக்கிய கை தானாக இறங்கித் தரையில் ஊன்றியது, முதுகிலிருந்து புல் உதிர்ந்தது, மண் விட்டுவிட்டது, ஓடினான்.

நாலு எட்டு ஓடியிருப்பான். ரெஜிஸ் பாய்ந்து வந்து, இந்தத் தடவை நாலடி இல்லை, நாலு விரல்கூட இல்லை, எண்ணெய் போட்ட காலால் டிக்சனுடைய முட்டுக்குக் கீழே ஓங்கி விட்டான், நாற்பத்தொரு நாள் ஊரெல்லாம் சொன்னதை அன்றைக்குத்தான் அந்தக் கால் செய்தது, எலும்பு சத்தம் மீன் ஏலக்கூடம் வரைக்கும் கேட்டது, டிக்சன் விழுந்தான், விழும்போது முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

விழுந்த வேகத்தில் எழும்பிவிட்டான். ஒற்றைக்காலில் நின்றான். “இல்ல சார், ஒண்ணுமில்ல” என்றான், முகம் சுண்ணாம்பாக இருந்தது, “தொடல சார், தொடவே இல்ல, நான் தானா விழுந்தேன்.”

தாணு விசிலை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். “நான் கண்டேன் லே.”

“இல்ல சார், வேண்டாம் சார்.”

“காலு ஒடிஞ்சிருக்கு.”

“அது பழைய ஒடிவு சார்.”

“வலிக்கா?”

“உயிரு போவுது சார்.”

“அப்ப தொட்டான்னு சொல்லேன்.”

“சொன்னா கீழ போயிருவேன் சார். நாலு மணிக்கு எனக்குக் கல்யாணம்.”

“உள்ளதச் சொன்னா போவ மாட்ட.”

“அது உமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றார் தாணு. கயிற்றைச் சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார். இப்போது ஊதினால் அன்றைய பெனால்டியைத்தான் இன்றைக்குக் கொடுத்தார் என்று ஆகும், நாற்பத்தொரு நாள் வாங்கிய ஏச்சும் அந்த அறையும் சரி என்று ஆகும். ஊதாவிட்டால் கண்டதைக் காணவில்லை என்று ஆகும். கொஞ்ச நேரம் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஊதினார், புள்ளியைக் காட்டினார்.

கடல் ஊருக்குள் வந்துவிட்டதோ என்று நினைக்கிற மாதிரி ஒரு சத்தம். மைக்கில் பெலிக்ஸ் அண்ணன் அழுதார், “ரசிகப் பெருமக்களே, நாம் அன்று கண்டது உண்மை, இன்று ரெஃபரி அவர்களே ஒத்துக்கொண்டார்.” பதினாலு பேரும் தங்கள் தங்கள் வலது கையை முத்தமிட்டார்கள். ரெஜிஸ் காலைத் தூக்கிக் கும்பிட்டான். ஊர் கயிற்றைத் தாண்டி வந்து டிக்சனைத் தோளில் தூக்கியது, மூன்றே பேர் தூக்கினார்கள், பஞ்சு மாதிரி வந்தான்.

மேலே போனதும் டிக்சன் ஒடிந்த காலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி, கீழே பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்த தாணுவைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினான். “அன்னைக்கு என்ன யாரும் தொடல. ரெஃபரி சார் சொன்னதுதான் செரி. இன்னைக்குத்தான் தொட்டான்.”

தூக்கியவர்களில் ஒருவன் அண்ணாந்து, “என்ன சொல்லுகான்?” என்றான்.

“வெயிலு. நாப்பது நாளு வெயிலு. தலைக்கு ஏறிட்டு” என்றான் மற்றவன்.

“தொடல லே, அவன் நாலடி தள்ளி நின்னான்” என்று டிக்சன் மறுபடியும் கத்தினான்.

“பாவம், தண்ணி குடுங்க” என்றாள் ஞானப்பூ. அறுபத்தெட்டு கிலோ ஆளை ஜேசிபி தூக்க முடியாமல் போனதை ஒரே பகலில் நம்பி நிழல் போட்ட ஊர், இதை நம்பவில்லை. பெலிக்ஸ் அண்ணன் கைகாட்ட, பேண்டுக்காரர்கள் சந்தோஷப் பாட்டை எடுத்தார்கள், டிரம்பெட் எழும்ப டிக்சனுடைய குரல் அதற்குள் அமுங்கியது, வாய் மட்டும் திறந்து திறந்து மூட, அவனைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், விஜிலா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள், அவள் சிரித்துக்கொண்டு ஓடினாளா அழுதுகொண்டு ஓடினாளா என்று சொல்ல முடியவில்லை, மணி அடித்தது.

மைதானத்தில் ரெண்டே பேர். புள்ளியில் பந்தும் அதன் பக்கத்தில் தாணுவும், கோலில் அஜினும். சட்டப்படி அடிக்கிறவன் வர வேண்டும், அடிக்கிறவன் பீடத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தான். தாணு வாட்ச்சைப் பார்த்தார், காத்திருந்தார், பார்த்தார். பிறகு கடைசி விசிலை ஊதினார், நீளமாக, மூன்று தடவை. யாரும் ஒன்றும் ஏசவில்லை.

அஜின் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவனிடம் தாணு மெதுவாகக் கேட்டார், “மக்கா, அவன் கடைசியா மேலேந்து ஒண்ணு சொன்னானே, உனக்குக் கேட்டுதா?”

“பேண்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்” என்றான் அஜின். கொஞ்சம் யோசித்து, ஆட்டம் முடிந்துவிட்டதால் மரியாதையாக, தாணுவின் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுச் சொன்னான், “ஆனா ஒண்ணு சார், தப்பா எடுக்காதீரும். நான் எதிரணிதான், ரெண்டடி தூரத்துல நின்னு கண்டவனும் நான்தான். அன்னைக்கு அது பெனால்டிதான்.”